எண்டகாட் வம்சத்தின் இரண்டாவது டீ

மனிதர்களில் ஒரு வகை உண்டு. உயிரோடு இருக்கும் சொந்தக்காரர் வந்து வாசல் மணியை அடித்தால், வீட்டில் ஆள் இல்லாதது போல வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சோபாவில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். செத்து முந்நூறு வருடம் ஆன சொந்தக்காரர் எந்த வயலில் பன்றி மேய்த்தார் என்று தெரிந்துகொள்ள மட்டும் கொட்டும் மழையில் நாற்பது மைல் கார் ஓட்டுவார்கள். இந்த இனத்துக்கு அறிவியல் இன்னும் பெயர் வைக்கவில்லை. வேர்தேடி என்று நாமே வைத்துக்கொள்வோம்.

வேர்தேடியை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். உங்கள் பெயரை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் உங்களைப் பார்க்கமாட்டார். கண்ணைப் பாதி மூடி, உங்கள் குடும்பப் பெயரை நாக்கில் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, "அது வடக்கு டெவன் பேராச்சே?" என்பார். இல்லை என்று நீங்கள் சொன்னால் உங்கள் அறியாமைக்காக ஒரு புன்னகை கிடைக்கும். ஆமாம் என்று சொன்னீர்களோ, அன்றைய சாயங்காலம் போயிற்று.

இன்னொரு அடையாளம், 'நாங்க' என்ற சொல். சாதாரண மனிதர் 'நாங்க' என்றால் அவரும் மனைவியும், மிஞ்சிப்போனால் நாயும். வேர்தேடியின் 'நாங்க'வில் பன்னிரண்டு தலைமுறை அடக்கம். "உள்நாட்டுப் போர் நேரத்துல நாங்க ரொம்பச் சிரமப்பட்டோம்" என்று கிறிஸ்துமஸ் வான்கோழியை அறுத்தபடியே சொல்வார். போர் முடிந்து முந்நூற்று எழுபது வருடம் ஆகியிருந்தாலும், "அடடா" என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் தட்டில் இறைச்சி விழும்.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், கிரெடிட்டன் நகரில் இருக்கும் ரோலண்ட் எண்டகாட், இந்த இனம் முழு வளர்ச்சி அடைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல மாதிரி. வயது எழுபத்தொன்று. கார் ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு வைக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது, வாழ்நாள் முழுவதும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, பிறர் செய்யும் சின்னச் சின்னத் தப்புகளை ஓர் அட்டையில் குறித்துக்கொண்டே வந்தவர். ஓய்வு பெற்ற பிறகு தப்புச் செய்ய ஆள் கிடைக்காமல் திண்டாடினார். சமையலறையில் தான் அடுப்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பும்போதெல்லாம், பின்னால் பார்த்துத் திரும்புகிறோமா என்று அவர் கவனிப்பதாக மனைவி ஹேசலுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சந்தேகம் சரிதான்.

அந்த நேரத்தில்தான் அவருடைய அம்மா வினிஃப்ரெட் காலமானார். தொண்ணூற்றுமூன்று வயது. கூம்ப் ஆர்ச்சர் கிராமத்துத் தேவாலயத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். ரோலண்டுக்கு ஒரே தம்பி, ஜெரல்ட். டிவர்ட்டனில் முப்பது வருடம் தபால்காரராக இருந்தவர். கல்லறைக் கல்லுக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பை ஜெரல்ட் ஏற்றுக்கொண்டார். குளிர்காலம் போய், வசந்தம் வந்து, கல்லும் வந்து சேர்ந்தது. ஜெரல்ட் அதைப் படமெடுத்து அனுப்பினார்.

படத்தைப் பார்த்த ரோலண்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்டகாட் என்ற பெயரின் கடைசியில் ஆங்கில 'டீ' எழுத்து இரண்டு இருந்தது.

குடும்பத்தில் யாருக்கும் இரண்டு டீ கிடையாது. அப்பாவுக்கு ஒன்று. தாத்தாவுக்கு ஒன்று. ரோலண்ட் தன் வாழ்க்கையில் பதினேழாயிரம் பேருக்குத் தோல்விச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டவர். ஒவ்வொன்றிலும் ஒரு டீதான். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி ஒலித்தது. ஜெரல்ட்.

"கல்லுல ரெண்டு டீ இருக்கு," என்றார் ரோலண்ட்.

"தெரியும்," என்றார் ஜெரல்ட்.

"நமக்கு ஒண்ணுதான்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எம் பேரு எனக்குத் தெரியாதா?"

"ஆதியில ரெண்டுதான் இருந்திருக்கும். நடுவுல எவனோ ஒரு சோம்பேறி ஒண்ணை விட்டுட்டான். உன்னை மாதிரி ஆளுங்க அதையே பிடிச்சுத் தொங்கறீங்க."

"நிரூபி பாப்போம்."

"நிரூபிக்கறேன்!"

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொலைபேசி வைக்கப்பட்டது. அதன்பின் ஒன்பது வருடம் அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. பன்னிரண்டு மைல் இடைவெளியில் இருந்தார்கள். ரோலண்ட் அம்மாவின் கல்லறைப் பக்கம் போகவே இல்லை. தப்பாக எழுதப்பட்ட ஒன்றின் முன்னால் மண்டியிடுவது அவர் தொழில் தர்மத்துக்கு ஒத்துவரவில்லை.

மனைவிமார்கள் பேசாமல் இருந்தார்களா என்றால், அதுதான் இல்லை. ஹேசலும் ஜெரல்டின் மனைவி மாரியனும் வருடா வருடம் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டார்கள். உறையின் மேல் வெறும் முதல் பெயரும் முகவரியும் மட்டும். குடும்பப் பெயரை எழுதினால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும் அல்லவா?

ரோலண்ட் தேட ஆரம்பித்தார். முதலில் எல்லோரையும் போல ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு. ஒரு வருடத்தில் அலுத்துவிட்டது. "பொறந்தான், கட்டினான், போனான். இதுல என்ன தெரியுது?" என்றார் ஹேசலிடம். "மனுஷன் யாருன்னு அவன் நிலத்துப் பக்கம் போனாதான் தெரியும்." அன்றைக்குத்தான் வேர்தேடும் நோய் எலும்புக்குள் இறங்கியது.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் முட்டை ரொட்டி, சூடு ஆறாத ஃபிளாஸ்க், நான்கு பென்சில் சகிதம் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், ஆவணக் காப்பகத்துக்குப் புறப்பட்டார். ஊரிலுள்ள ஒவ்வொரு வயலுக்கும் எண் போட்டுக் தேவாலயத்துக்குத் தரவேண்டிய பத்தில் ஒரு பங்கை, அதாவது தசமபாகத்தைக் குறித்த பழைய வரைபடங்கள், நிலவரிப் பட்டியல்கள், குத்தகைப் பத்திரங்கள், ஜமீன் நீதிமன்றத்தின் தோல் சுருள்கள் என்று ஒன்றுவிடாமல் புரட்டினார். மற்றவர்கள் நாவல் படிக்கும் முகத்துடன் நிலவரிப் பட்டியல் படித்தார். "அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? மறு வருஷமும் அதே வரிதான் கட்டியிருக்கான்!" என்று இரவுச் சாப்பாட்டில் சொல்வார். ஹேசல் உருளைக்கிழங்கை நகர்த்தி வைப்பார்.

எண்டகாட்டுகள் ஜமீன் ஆவணங்களில் அடிக்கடி வந்தார்கள். எப்போது வந்தார்கள்? அபராதம் விதிக்கப்பட்டபோதெல்லாம் வந்தார்கள். ஹம்ஃப்ரி எண்டகாட் தன் பங்கு வாய்க்காலைத் தூர் வாரவில்லை. ஹம்ஃப்ரியின் பன்றி, மண்ணைக் கிளறாமலிருக்கப் போடும் மூக்கு வளையம் இல்லாமல் திரிந்தது. ஹம்ஃப்ரி பக்கத்து வேலியை ஒடித்து அடுப்பெரித்தார். மறு வருடமும் வாய்க்கால். அதற்கு மறு வருடம் பன்றி மறுபடியும், இந்த முறை கல்லறைத் தோட்டத்துக்குள். இதையெல்லாம் கூட்டிக் கழித்து ரோலண்ட் எழுதிக்கொண்டது: 'பதினேழாம் நூற்றாண்டில் நாங்கள் ஊர்ப் பொது விவகாரங்களில் தீவிரமாக ஈடுபட்டிருந்தோம்.'

பெயர்தான் படாத பாடு படுத்தியது. எண்டிகாட், யெண்டகோட், எண்டகட், ஓரிடத்தில் வெறும் காட். கடைசியில் ஒரு டீ வந்தால் ரோலண்ட் பச்சைக் கோடு போட்டார். இரண்டு வந்தால் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் 'எழுத்தர் குடித்திருக்கலாம்' என்று எழுதினார். அவர் கணக்குப்படி அந்தக் காலத்து டெவனில் பாதி எழுத்தர்கள் நிதானத்தில் இல்லை.

"எங்க பக்கம் யாருன்னு தேடமாட்டியா?" என்று ஹேசல் ஒருமுறை கேட்டார்.

"உங்க பக்கம் அப்புறம் பாக்கலாம்."

"உன் பக்கத்துலயும் ஒவ்வொருத்தனுக்கும் ஓர் அம்மா இருந்திருப்பா. அவங்கெல்லாம் எந்தப் பக்கம்?"

ரோலண்ட் தாளைப் புரட்டிப் பார்த்தார். ஹம்ஃப்ரியின் மனைவி ஜோன். அவர் மகனின் மனைவி ஜோன். பேரனுக்கு இரண்டு மனைவி, இரண்டும் ஜோன். "தகவல் போதாது," என்றார்.

எட்டாவது வருடம் பொக்கிஷம் கிடைத்தது. தசமபாக வரைபடத்தில் ஒரு வயலின் பெயர் 'எண்டகாட் புல்வெளி'. ரோலண்டுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் வரைபடத்தின் நகலைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, இப்போது அந்த நிலத்தை வைத்திருக்கும் விக்கரி என்ற பண்ணைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அந்த வயலு எங்களோடது," என்றார்.

விக்கரி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "எது? கீழ இருக்கே, சதசதன்னு, அதா?"

"ஆயிரத்து அறுநூத்தி முப்பதுகள்லேருந்து எங்க ஆளுங்க அங்க இருந்திருக்காங்க."

"ஓ, உங்களோடதுதானா!" விக்கரியின் முகம் மலர்ந்தது. "இத்தன வருஷமா யாரைக் கேக்கறதுன்னு தெரியாம இருந்தேன். அந்த வாய்க்காலு தண்ணி போகாம அடைச்சுக்கிட்டு ஒரே தொந்தரவு. தூர் வாரவே இல்ல போல உங்க ஆளுங்க. மண்வெட்டி கொண்டாந்திருக்கீங்களா, நான் குடுக்கட்டுமா?"

ரோலண்ட் அந்த வயலின் நடுவில் கணுக்கால் சேற்றில் கால்மணி நேரம் நின்றார். முன்னோர்களை உணர்ந்தார். வலது காலணி மண்ணிலேயே தங்கிவிட்டது. அதை அவர் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் வயலின் பெயரை வைத்துக்கொண்டு டீயை நிரூபிக்க முடியாது. அதை எழுதியவன் நிலம் அளந்தவன். எண்டகாட் அல்ல. ஓர் எண்டகாட் தன் கையாலேயே தன் பெயரை எழுதியிருக்க வேண்டும். அதுதான் சாட்சி. அதுவும் இருந்தது. அந்த வயலை ஹம்ஃப்ரி எண்டகாட் குத்தகைக்கு எடுத்த மூலப் பத்திரம், ஒரு பெரிய பண்ணை வீட்டிலிருந்து வந்து சேர்ந்த கட்டுகளோடு காப்பகத்தில் புதிதாகப் பட்டியலாகியிருந்தது. குத்தகைக்கு எடுத்தவன் கீழே கையெழுத்துப் போட்டாக வேண்டும். ரோலண்ட் செவ்வாய்க்கிழமை கதவு திறக்கும் முன்பே போய் நின்றார்.

படிப்பறைப் பொறுப்பாளர் லஸ்கம் அம்மையார் அவரைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"அந்தக் கட்டு இப்ப வேற ஒருத்தர்கிட்ட இருக்கு, மிஸ்டர் எண்டகாட்."

"என் கட்டா?"

"உங்களோடது இல்ல. கவுண்டியோட கட்டு."

"யாரு வாங்கினது?"

"மிஸ்டர் எண்டகாட்."

"நான்தான் எண்டகாட்."

"அவரும் அதையேதான் சொல்றாரு. ரெண்டு டீ போட்டு." அவர் குரலைத் தாழ்த்தினார். "வழக்கமா அவரு வியாழக்கிழமைதான் வருவாரு. இந்த வாரம் பல் டாக்டர்கிட்ட போகணும்னு முன்னாடியே வந்துட்டாரு. எங்களுக்குள்ள நீங்க செவ்வாய் எண்டகாட், அவரு வியாழன் எண்டகாட். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துடாம எட்டு வருஷமா நாங்கதான் சமாளிச்சுக்கிட்டு இருந்தோம்."

ஜன்னலோர மேசையில், தோல் பத்திரத்தின் நான்கு மூலையிலும் பாரம் வைத்து, பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்த முதுகை ரோலண்ட் பார்த்தார். தலை வழுக்கையாகிவிட்டிருந்தது. ஆனால் அந்த இடது தோள் சற்று இறங்கியிருப்பதை அவர் எங்கே பார்த்தாலும் சொல்லிவிடுவார். முப்பது வருடம் தபால் பை தொங்கிய தோள்.

அவர் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெரல்ட் நிமிர்ந்தார். படிப்பறையில் உரக்கப் பேசக்கூடாது என்பது விதி. இருவருமே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆகவே ஒன்பது வருடச் சண்டை முழுவதும் கிசுகிசுப்பாக நடந்தது.

"இங்க என்ன பண்ற?"

"நீ நிரூபின்னு சொன்னியே. நிரூபிச்சுக்கிட்டு இருக்கேன்."

"உனக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியுமா?"

"முப்பது வருஷம் டாக்டர்ங்க எழுதின விலாசத்தைப் படிச்சுத் தபால் குடுத்தவன் நான். இது என்ன பெரிய எழுத்து?"

"ஒரு டீக்கு எங்கிட்ட நூத்திப் பத்து ஆதாரம் இருக்கு."

"ரெண்டுக்கு எங்கிட்ட நூத்தி நாலு."

"கம்மிதானே?"

"உன்னோடதுல பாதி எலி தின்ன ஓரம். கடைசி எழுத்து எலி வயித்துல இருக்கு!"

'எலி' என்ற சொல் மட்டும் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. படிப்பறையே திரும்பிப் பார்த்தது. லஸ்கம் அம்மையார் உதட்டில் விரல் வைத்தார்.

"கையெழுத்தைப் பாத்தியா?" என்றார் ரோலண்ட்.

"இன்னும் இல்ல. மேலேருந்து படிச்சுக்கிட்டு வரேன்."

"அதென்ன, முறையா படிக்கறியாக்கும்?"

"நீதானே சின்ன வயசுல சொல்லுவ, கடைசிப் பக்கத்தை முதல்ல பாக்கக் கூடாதுன்னு."

ரோலண்ட் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். இருவரும் ஒரே பூதக்கண்ணாடியில் வரி வரியாக இறங்கினார்கள். முதல் வரியில் ஹம்ஃப்ரிக்கு ஒரு டீ. ரோலண்ட் தொண்டையைச் செருமினார். ஆறாவது வரியில் இரண்டு. ஜெரல்ட் செருமினார். பதினோராவது வரியில் அதே எழுத்தர், அதே மையில், அதே மனிதரை 'யெண்டகோட்' என்று எழுதியிருந்தார். யாரும் செருமவில்லை.

கடைசியில் மெழுகு முத்திரை. அதன் பக்கத்தில் 'ஹம்ஃப்ரியின் அடையாளம்' என்று எழுத்தர் எழுதியிருந்தார். அந்தச் சொற்களுக்கு நடுவில், ஹம்ஃப்ரி எண்டகாட் தன் கையாலேயே, பேனாவை மண்வெட்டி போலப் பிடித்துக் குத்தி, மூன்று கோடு கிழித்து அடியில் ஒரு காம்பு வைத்திருந்தார்.

பெயரே இல்லை. டீயும் இல்லை. ஹம்ஃப்ரிக்கு எழுதத் தெரியாது.

செவ்வாய் எண்டகாட்டும் வியாழன் எண்டகாட்டும் அந்த மூன்று கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் என்றால், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று லஸ்கம் அம்மையார் தண்ணீர் எடுத்துவரப் போகும் அளவுக்கு.

"டீ குடிக்கலாமா?" என்றார் ஜெரல்ட், கிசுகிசுப்பாகவே.

கீழ்த்தளத்தில் ஒரு சின்னக் கடை. கல்லாவில் நின்ற பெண்மணிக்கு இந்த வழக்கின் வரலாறு எதுவும் தெரியாது. கோப்பையை எடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்:

"ஒரு டீயா, ரெண்டு டீயா?"

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஜெரல்டின் கை மட்டும் சட்டைப் பையில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு," என்றார் ரோலண்ட்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ஒன்பது வருடத்தில் ஜெரல்ட் கேட்டதில்லை. மூலையில் இருந்த மேசையில் போய் உட்கார்ந்து, சர்க்கரையைப் போட்டுத் தேவைக்கு மேல் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"ரோலி, ஒண்ணு சொல்லணும். கல்லு தப்பாத்தான் வந்துச்சு."

"என்ன?"

"நான் ஒரு டீதான் எழுதிக் குடுத்தேன். கல்லு வெட்டறவன் தப்பா வெட்டிட்டான். வண்டியில கொண்டாந்து இறக்கினப்பதான் கவனிச்சேன். புதுசா வெட்ட இன்னும் அஞ்சு மாசம் ஆகும்னான். அதுவரைக்கும் அம்மா தலைமாட்டுல ஒரு மரக்குச்சி, அதுல ஒரு நம்பர். குளிர்காலம் பூரா அப்படித்தான் கெடந்தா. மழையில நம்பர்கூட அழிஞ்சுபோச்சு. எனக்கு மனசு வரல. இருக்கட்டும், நட்டுடுன்னுட்டேன்."

ரோலண்ட் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் போன் பண்ணேன். நீ ஹலோகூடச் சொல்லல. 'கல்லுல ரெண்டு டீ இருக்கு'ன்ன. லைசென்ஸ் கெடையாது, இறங்குன்னு சொல்ற அதே குரல்ல."

ரோலண்ட் தன் குரலை இதற்குமுன் யோசித்துப் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டித் தோற்ற பதினேழாயிரம் பேரில் யாரும் வந்து சொன்னதுமில்லை.

"அதுக்காக ஒன்பது வருஷமா தேடிக்கிட்டு இருந்தே?"

"முதல் ரெண்டு வருஷம் உன்னை ஜெயிக்கத்தான். அப்புறம்..." ஜெரல்ட் தயங்கினார். "அப்புறம் நெஜமாவே ரெண்டுதானோன்னு தோண ஆரம்பிச்சுடுச்சு. பேங்க்ல மாத்திட்டேன். கார்டுல மாத்திட்டேன். மாரியன் ஒரு மாசம் எங்கூடப் பேசல. ஆதாரம் நெறைய இருக்கு ரோலி, கேலி பண்ணாதே."

"ஆதாரம் ஒண்ணும் கெடையாது."

"நூத்தி நாலு!"

"கல்லு வெட்டறவன் கைத்தப்பு அது! நீயே இப்பத்தானே சொன்ன?"

"அவன் தப்பா வெட்டினது வேற. அது சரியா அமைஞ்சது வேற."

வேர்தேடியின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடைக்காது. நியாயமாகப் பார்த்தால் ரோலண்ட் எழுந்து போயிருக்க வேண்டும். அவர் எழுந்தார்தான். கோட்டை மாட்டிக்கொண்டார். "உன் வண்டியா, என் வண்டியா?" என்று கேட்டார்.

"எங்க?"

"அம்மாகிட்ட."

ஜெரல்டின் வண்டியில் போனார்கள். வழியெல்லாம் ரோலண்ட் வாயைத் திறக்கவில்லை, இரண்டு இடத்தில் 'கண்ணாடியைப் பாத்து' என்று சொன்னதைத் தவிர. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி மஞ்சள் பூ வாங்கினார்கள். கூம்ப் ஆர்ச்சரில் தூறிக்கொண்டிருந்தது. கல் சாம்பல் நிறத்தில், மேல் விளிம்பில் லேசாகப் பாசி பிடித்து நின்றது.

ரோலண்ட் முதலில் சுற்றிவந்து பார்த்தார். கல்லின் உச்சியில் கை வைத்து அழுத்தினார். "நல்லா நட்டிருக்கான். சாயல," என்றார். பிறகு குனிந்தார். முழங்கால் ஒத்துழைக்காததால் ஜெரல்ட் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பெயரின் கடைசி எழுத்தின்மேல் ரோலண்ட் தன் கட்டைவிரலை வைத்து மறைத்தார். வினிஃப்ரெட் எண்டகாட், ஒரு டீ. சரியாக இருந்தது. தொழில்முறையில் குறையே இல்லை. விரலை எடுத்தார். மறுபடி வைத்தார். ஈரமான கல் சில்லென்றிருந்தது. குளிர்காலம் முழுவதும் இங்கே ஒரு குச்சி மட்டும் இருந்ததையும், அந்தக் குளிர்காலத்தில் தான் ஒருநாள்கூட இந்தப் பக்கம் வராததையும் அவர் நினைத்துக்கொண்டாரா? நினைத்திருக்க வேண்டும். வெகுநேரம் கழித்து விரலை எடுத்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு இருந்தா கொஞ்சம் தாராளமா இருக்கு," என்றார். "அம்மாவுக்கு நெருக்கடி பிடிக்காது."

ஜெரல்ட் மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்றார். ரோலண்ட் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

இதோடு இருவரும் திருந்தி, ஆவணங்களைக் கட்டிவைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளோடு பட்டம் விட்டார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்தால், உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. அன்று வீடு திரும்பும் வழியிலேயே ரோலண்ட் கேட்டார்: "அந்த அடையாளம், வைக்கோல் குத்தற கவைதானே?"

"கவையா? அது வாத்துக்காலு!"

"வாத்துக்காலை எவனாவது கையெழுத்தாப் போடுவானா?"

"வாத்து வளத்தவன் போடுவான்."

"நாங்க வாத்து வளத்ததுக்கு ஆதாரம் என்ன?"

"'நாங்க'ன்னா யாரு? நானும்தானே?"

இப்போது இருவரும் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் சேர்ந்தே வருகிறார்கள். ஹம்ஃப்ரி வாத்து வளர்த்தாரா இல்லையா என்று பத்தொன்பது கட்டு பார்த்தாகிவிட்டது. கிசுகிசுப்புச் சண்டை மற்ற வாசகர்களுக்கு இடைஞ்சலாக இருப்பதால், லஸ்கம் அம்மையார் அவர்களுக்குப் பின்னறையில் தனி மேசை போட்டுக் கொடுத்துவிட்டார். மற்ற நாட்களில் சாயங்காலம் தொலைபேசியில் தொடர்கிறது. "இந்த ஒன்பது வருஷம் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?" என்று ஹேசல் மாரியனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருவரும் வருகிற மே மாதம் போர்ச்சுகல் போகிறார்கள். கணவர்களை அழைக்கவில்லை. அவர்களுக்கும் அது இன்னும் தெரியாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. எங்கோ டெவன் பக்கத்துக் கிழவர்கள், அவர்களுடைய பைத்தியம், நமக்கென்ன என்று. பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதார் அட்டையில் வேறு மாதிரியும் இருக்கும் உங்கள் அப்பா பெயரைத் திருத்த நீங்கள் எத்தனை முறை தாலுகா அலுவலகம் போனீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. மூலப் பத்திரத்தில் கொள்ளுத்தாத்தா பெயரைப் பார்த்தவுடன் உங்கள் மார்பு எத்தனை அங்குலம் விரிந்தது என்பதும் எனக்கு வேண்டாம். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் எங்காவது ஓரிடத்தில், 'எண்டகாட்... அதில் காடு இருக்கிறதே? எண் என்றால் எட்டாயிற்றே? எண்திசைக் காடோ? அப்படியானால் இந்த ஹம்ஃப்ரி ஆதியில் நம்ம பக்கத்து ஆளாக...' என்று உங்கள் மனம் ஓர் அடி எடுத்து வைத்ததா, இல்லையா?

வைத்ததென்றால், வருந்துகிறேன். இதற்கு மருந்து கிடையாது.